வள்ளியை முகாமுக்கு அழைத்துப்போன இரண்டு தடவை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றை எழுத ஆரம்பித்தால் இன்னொன்று மறந்துபோகிறது. மறந்தது ஞாபகம் வரும்போது பேனா வேறு எங்கோ போய்விட்டிருக்கிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் நம் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். “ஆயாம்மா, ஆட்டிசம் புள்ளைக்கு அரசாங்க உதவி மொதமொதல்ல எப்படி வாங்கினீங்கன்னு எழுதிக் குடுங்க. எங்க கூட்டத்துல படிக்கணும்” என்றார்கள். நேரில் வந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது என்றால் எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் சரி என்றேன்.

நான் பிறந்தது வளவனூர். வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். எண்பதுகளின் ஆரம்பத்தில் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று சின்னதாக ஒரு பள்ளி வைத்தார்கள். அதில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் பதினைந்து நாள் அழுதேன். அடுத்த பதினைந்து நாள் மற்றவர்கள் செய்வதைப் பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது.

காலையில் பிள்ளை வந்ததும் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைக்க வேண்டும். பிறகு ஒன்றுக்குப் போக வைக்க வேண்டும், கை கழுவ வேண்டும், அதன்பிறகு பாய். எல்லாப் பிள்ளைக்கும் தினமும் அதே வரிசைதான். ஒரு நாள் அவசரத்தில் நான் கை கழுவிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். அந்தப் பிள்ளை மறுபடி போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

இந்த வரிசையெல்லாம் பெரிய டீச்சர் வகுத்தது. தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியானவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எங்கள் வேலையை எடுத்து அவரே செய்ய ஆரம்பித்துவிடுவார். அவர் டம்ளர் கழுவுகிறார் என்றால் நாங்கள் எல்லாரும் நடுங்குவோம். பிள்ளையிடம் ஏதாவது நடந்தால் “என்ன ஆச்சு?” என்று கேட்க மாட்டார். “என்ன பார்த்தே?” என்றுதான் கேட்பார். நான், “அடம் புடிச்சான் டீச்சர்” என்றால் தலையை ஆட்டுவார். “அது நீ நெனச்சது. பார்த்ததைச் சொல்லு.”

வள்ளி வந்தபோது அவளுக்கு ஏழு வயது இருக்கும். மரக்காணம் பக்கத்துக் குப்பம். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் அஞ்சலை மீன் கூடையோடு முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்து தெருத்தெருவாக விற்பாள். அன்றன்று விற்று வருவதில்தான் அந்த வீட்டில் உலை ஏறும். பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய், விற்று முடித்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

பஸ்ஸில் தினமும் சண்டைதான். வள்ளி கத்துவாள், மீன் நாறும். “மீனுக்கு ஒரு டிக்கெட், உனக்கு ஒரு டிக்கெட், பொண்ணு கத்தறதுக்கு ஒரு டிக்கெட்டு எடு” என்பாராம் கண்டக்டர். “மொதல்ல உன் ஆரனுக்கு டிக்கெட் போடுய்யா. அதக் கேட்டுத்தான் அது கத்துது” என்பாளாம் அஞ்சலை. எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வள்ளி பேச மாட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முதல் நாள் கால் கழுவிவிடும்போது அவள் கணுக்காலைச் சுற்றி ஒரு தழும்பு பார்த்தேன். கயிறு இறுக்கிய தழும்பு. அஞ்சலை விற்கப் போகும் நேரத்தில் பிள்ளை கடல்பக்கம் ஓடிவிடாமல் என்ன செய்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் அவளை எங்கள் பள்ளிக்குப் பழக்கினோம். சுவரில் முதுகு சாய்ந்திருக்க வேண்டும். நீலக் கரை போட்ட பாய்தான் வேண்டும். சோறும் குழம்பும் தொடக் கூடாது. பெரிய சத்தம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே காதில் பஞ்சு வைத்துவிட வேண்டும். இவ்வளவும் இருந்தால் நாளெல்லாம் உட்கார்ந்து மரக்கட்டைகளை வரிசை வைப்பாள். ஒன்று குறைந்தால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள்.

அரசாங்க மானியம் பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்குத்தான் வரும். அப்போது எங்களுக்கு மாவட்டத் தலைநகர் கடலூர். பட்டியல் அங்கே போகும். பட்டியலில் ஏற வேண்டுமானால் முகாமில் டாக்டர் பார்த்துச் சர்ட்டிபிகேட் தர வேண்டும். அது கிடைத்தால் பிள்ளைக்கு உதவித்தொகை, பஸ் பாஸ், பள்ளியில் நிரந்தர இடம். கிடைக்காத பிள்ளையைப் பள்ளியை நடத்தும் கமிட்டிக்காரர்கள் கொஞ்ச நாள்தான் வைத்துக்கொள்வார்கள். வெளியே காத்திருக்கிற பிள்ளைகள் இருந்தார்கள், கமிட்டியையும் குறை சொல்ல முடியாது. வள்ளிக்கு முகாம் தேதி வந்தது. பெரிய டீச்சர் அந்த வாரம் பயிற்சிக்காக மெட்ராஸ் போயிருந்தார். “காமாட்சி, நீ அஞ்சலையோட போயிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அதுவரை முகாமுக்கு உள்ளே போனதில்லை. அஞ்சலைக்கும் தெரியாது. அவள் குப்பத்தில் ஒரு பையனுக்கு நன்றாகப் படிக்கிறான் என்று பரீட்சை வைத்து அரசாங்கம் பணம் கொடுத்திருந்தது. “இதுவும் அந்த மாதிரிதாங்க்கா. டாக்டர் கேட்டா டக்குனு செய்யணும். செஞ்சாத்தான் பாஸு” என்றாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாலு பேர் நடுவில் மட்டமாகத் தெரியக் கூடாது என்று ஒரு வீம்பும் இருந்தது.

பத்து நாள் வேலை செய்தேன். வட்டம், சதுரம், முக்கோணம் வெட்டிய பலகையில் கட்டைகளைப் பொருத்தப் பழக்கினேன். கையைப் பிடித்து வணக்கம் வைக்கப் பழக்கினேன். முகாம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டிருந்தார்கள். முந்தின நாளே தனியாகப் போய் எந்த இடம், எங்கே சுவர், எங்கே கூட்டம் குறைவு என்று பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு விடியலில் ஏறினோம். பஞ்சு வைத்து அதன்மேல் துணி சுற்றினேன். நீலக் கரைப் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். அஞ்சலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, பவுடர் போட்டு, பூ வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. வள்ளி கண்ணாடியைப் பார்த்தால் அதைவிட்டு நகர மாட்டாள் என்று தெரியும். நான் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“பேரு என்ன பாப்பா?” என்றார் டாக்டர். வள்ளி கையைக் கூப்பினாள்.

“வெக்கமா?”

“ஆமாங்க சார், ரொம்ப வெக்கம்” என்றாள் அஞ்சலை பெருமையாக.

டாக்டர் பலகையைக் கொடுத்தார். அவர் பேனா மூடியைத் திறப்பதற்குள் வள்ளி முடித்துவிட்டாள். அவர் வேறொன்று கொடுத்தார். அதையும் முடித்தாள். “கெட்டிக்காரியா இருக்காளே. பேச்சு கொஞ்சம் லேட்டா வரும்மா. பயப்படாதீங்க” என்று சிரித்தபடி ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

எங்கள் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கி எனக்கும் கொடுத்து, பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கொடுத்தாள். “எம் பொண்ணு பாஸ் பண்ணிட்டா!”

திங்கட்கிழமை பெரிய டீச்சர் வந்தார். தாளை நின்றுகொண்டே படித்தார். இன்னொரு தடவை படித்தார். “உள்ளே என்ன பார்த்தே, காமாட்சி?” என்றார். நான் கண்ணாடியை மறைத்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“இதுல எழுதியிருக்கிறது, இந்தப் பொண்ணுக்குக் குறை எதுவும் இல்லை, உதவி தேவையில்லைன்னு.”

அவர் திட்டவில்லை. “நான் சொல்லிட்டுப் போயிருக்கணும். தப்பு என்னுது” என்றார். அன்று மத்தியானம் எல்லாப் பிள்ளைகளின் டம்ளரையும் அவரே கழுவினார்.

விஷயம் தெரிந்ததும் அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முகாம் முடியும்வரை வள்ளியை வைத்துக்கொள்ளக் கமிட்டி ஒத்துக்கொண்டது. அதிலும் இல்லை என்றால் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்கு என்றால் அந்தக் கயிற்றுக்கு.

எங்கள் ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன். அவர் ஒரு வழி சொன்னார். “இந்த தடவ ஒண்ணும் பண்ணாதீங்க. மத்தியான பஸ்ல கூட்டத்துல ஏத்திக்கினு போங்க. பாயும் வேணாம், பஞ்சும் வேணாம். உள்ள போயி ரெண்டு நிமிஷம் கத்தினா போதும். டாக்டர் ஜல்தியா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாரு. எதுக்கு பேஜாரு?”

“கத்தட்டுங்க்கா” என்றாள் அஞ்சலை. “ஒரு நாள்தான? வருசம் பூரா வூட்ல...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரு நாள் பாயைத் துவைத்துப் போட்டுவிட்டு வேறு பாய் விரித்தபோது வள்ளி பட்ட பாடு எனக்குத் தெரியும். மணிக்கட்டில் ரத்தம் வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் பெரிய டீச்சர் தனியாக இருக்கும்போது போய், “டீச்சர், அது மட்டும் என்னால ஆவாதுங்க” என்றேன்.

“நான் செய்யச் சொல்லலையே” என்றார். “நீ அவளுக்காகத் தினமும் என்ன செய்யறே, செய்யாட்டி என்ன ஆவுது, எல்லாத்தையும் எழுது.”

“எனக்கு எழுத வராதுங்க டீச்சர்.”

“பார்க்க வருமில்ல. அது போதும்.”

ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுத்தார். சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு உட்கார்ந்து எழுதுவேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் முதுகு வேர்த்துவிடும். மறுநாள் அவர் படிப்பார். எழுத்துப் பிழையைத் தொடவே மாட்டார். ஆனால் ‘அடம்’ என்று எழுதினால் அடிப்பார். ‘பாவம்’ என்று எழுதினால் அடிப்பார். ‘திடீரென்று அழுதாள்’ என்று ஒரு தடவை எழுதிவிட்டேன். “திடீர்னு எதுவும் நடக்காது காமாட்சி. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” நான் யோசித்துப் பார்த்தேன். அடுத்த தெருவில் மாவு மில் ஓட ஆரம்பித்திருந்தது. அதை எழுதினேன்.

இந்த மாதிரிதான் இருக்கும் அந்த நோட்டு: ‘தண்ணீர் வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் பானைமேல் வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.’ ‘சோற்றில் குழம்பு பட்டது. தட்டைத் தள்ளினாள். வேறு தட்டில் வெறும் சோறு வைத்தேன். தின்றாள்.’ ‘பஸ் ஆரன். காதைப் பொத்தித் தரையில் உட்கார்ந்தாள். நான் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் போய் வெகுநேரம் ஆனபிறகு எழுந்தாள்.’

அடுத்த முகாமும் அதே மண்டபத்தில், அதே டாக்டர். இந்தத் தடவை பெரிய டீச்சரும் வந்தார். பாயும் பஞ்சும் எடுத்துக்கொண்டுதான் போனோம். டாக்டருக்கு வள்ளியை ஞாபகம் இருந்தது.

“இந்தப் பொண்ணு நல்லா இருக்கான்னு நான்தான் போன தடவையே சொன்னேனே?”

பெரிய டீச்சர் நோட்டை அவர்முன் வைத்தார். வாசலில் ஆள், “அடுத்தது, அடுத்தது, ஜல்தி வாங்க” என்று கத்திக்கொண்டிருந்தான். டாக்டர் அவசரமாக நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு திரும்பி முதல் பக்கத்துக்கு வந்து மெதுவாகப் படித்தார்.

“யார் எழுதினது இது?”

நான் தரையைப் பார்த்தேன். பெரிய டீச்சர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதிலாக யாரும் பேசப் போவதில்லை என்று தெரிந்தது.

“நான்தாங்க சார்.”

“இதுல எழுதியிருக்கிறது நிஜம்னா, போன தடவை நான் பார்த்தது என்ன?”

“அது நாங்க செஞ்சு வச்சதுங்க சார். அவளா உக்கார்லீங்க. பாயி, பஞ்சு, செவுரு எல்லாம் வச்சி நாங்க உக்கார வச்சோம். பரீச்சைன்னு நெனச்சிக்கினோங்க.”

டாக்டர் வள்ளியைப் பார்த்தார். அவள் சுவரோரம் பாயில் உட்கார்ந்து, அவர் கொடுத்த கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியைவிட்டு எழுந்து பாயின் நுனியைத் தொட்டார். “ஒரு நிமிஷம் இதை எடுத்துப் பார்க்கலாமா?”

“வேணாங்க சார்.”

“ஒரே ஒரு நிமிஷம்தாம்மா.”

“ஒரு நிமிசம் எடுத்தா மூணு நாளு சாப்பிட மாட்டாங்க சார். பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

ஒரு ஆபீசரிடம் வேண்டாம் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் பாயை விட்டுவிட்டார். போய் உட்கார்ந்து பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தார். பிறகு வாசலில் இருந்த ஆளிடம், “கொஞ்ச நேரம் யாரையும் அனுப்பாதே” என்றார்.

அஞ்சலையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நோட்டிலிருந்து என்னிடம் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டார். அப்புறம் எங்களை வெளியே அனுப்பி, அஞ்சலையை உள்ளே கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. வள்ளியை மடியில் சாய்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றார். என்னிடம் கேட்டதையே அவளிடமும் கேட்டார் டாக்டர். தண்ணீர் எப்படிக் கேட்பாள்? சத்தம் கேட்டால்? கூப்பிட்டால் திரும்புவாளா? அவள் சொன்னது ஒவ்வொன்றும் நோட்டில் இருந்தது.

“நீங்க வியாபாரத்துக்குப் போறப்போ இவளை யார் பார்த்துக்குவாங்க? பள்ளிக்கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி?”

அஞ்சலை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“வலைக் கவுறு போட்டு வூட்டு நடுக்கம்பத்துல கட்டிட்டுப் போவேங்க சார். ரெண்டு தபா கடல்ல எறங்கிட்டா. இன்னொரு புள்ளய நான் பெத்துக்கலாம், சார், ஆனா இவள எங்க போயி தேடுவேன்? போன தபா உங்ககிட்ட வெக்கம்னு சொன்னேன். வெக்கம் எனக்குதாங்க சார், அவளுக்கு இல்ல.”

உள்ளே பேனா எழுதும் ஒலி கேட்டது.

எங்களை உள்ளே கூப்பிட்டார். “மெட்ராஸ்ல படிக்கும்போது இந்த மாதிரி ரெண்டு மூணு பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். கண்ணு பார்க்காது, பேச்சு வராது, மாத்தினா தாங்காது. இதுக்கு ஆட்டிசம்னு பேரு. பத்து நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்று பெரிய டீச்சரிடம் சொன்னார். அந்தத் தாளில் கண், காது, கைகால், மனவளர்ச்சி என்று இடம் இருந்தது. ஆட்டிசத்துக்கு இடம் இல்லை. மனவளர்ச்சி என்ற இடத்தில் எழுதிவிட்டு, ஓரத்தில் அந்தப் பெயரையும் எழுதினார். “இப்போ இதுக்குத் தனி இடம் இல்லை. ஓரத்துல இருக்கட்டும். என்னிக்காவது யாராவது கேட்பாங்க” என்றார். நோட்டைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்த்து, “மத்த பிள்ளைங்களுக்கும் இந்த மாதிரி எழுதிக் கொண்டாங்கம்மா” என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரிய டீச்சர் கேட்டார். “பன்னெண்டாம் பக்கம்னு எப்படிச் சரியாச் சொன்னே?”

“அந்தப் பக்கத்துலதான் டீச்சர் நீங்க அஞ்சு தபா அடிச்சிருந்தீங்க.”

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

அரசாங்க உத்தரவு வரக் கொஞ்ச மாதம் ஆனது. ஆனால் வந்தது. வள்ளி பெயர் பட்டியலில் ஏறியது. கமிட்டி அப்புறம் அவளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் கிளார்க் கடையிலிருந்து ஒரு கட்டு நோட்டு வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். “நான் சொன்ன வழிய வுட இது நல்ல வழிம்மா. எழுதுங்க” என்றார். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் எந்த முகாமுக்குப் போனாலும் கூட ஒரு நோட்டு போகும். ஆயாக்கள்தான் எழுதுவோம். பார்த்ததை மட்டும்.

நான் வேலையைவிட்டு நின்று வெகு காலம் ஆகிறது. இப்போது தாளில் ஆட்டிசத்துக்கென்று தனி இடமே வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னபோது, டாக்டர் ஓரத்தில் எழுதினாரே என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. வள்ளி இப்போது குப்பத்தில் அஞ்சலையோடுதான் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது இரண்டு பேருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் புது அட்டைக்காக வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் முகாமுக்குப் போகிறார்கள். அங்கே பிறந்த தேதி கேட்பார்களாம். அந்த இரண்டாவது முகாமில் டாக்டர் கேட்டபோது அஞ்சலை, “பெரிய புயல் அடிச்சி வலையெல்லாம் போச்சே சார், அதுக்கு மறு மாசம்” என்றாள். பெரிய டீச்சர் விரல்விட்டுக் கணக்குப் போட்டு ஒரு தேதி சொன்னார், டாக்டர் அதையே சர்ட்டிபிகேட்டில் எழுதினார். ரேஷன் கார்டில் வேறு ஏதோ போட்டிருக்கிறது. அந்தச் சர்ட்டிபிகேட்டின் நகல் பள்ளியின் இரும்பு பீரோவில், கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். மேல்தட்டாகவும் இருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் எழுதிய மற்றதிலும் தப்பு இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தேதியை மட்டும் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் பார்த்து ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். அஞ்சலை வந்து வாங்கிக்கொள்வாள்.